சீசர் விழுந்த இடத்தில் பூனைகள்



போன மாதம் ரோமிலிருந்து நான் போட்ட பூனைப் படங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கொலோசியம் எங்கே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கொலோசியமும் பார்த்தேன். ஆனால் எழுத வேண்டியது இந்தப் பூனைகளைப் பற்றித்தான். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பழைய மாணவி கேட்ட கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் போடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசரை கேபிடல் குன்றில் குத்திக் கொன்றார்கள் என்று உங்களில் பல பேருக்குச் சொன்னவள் நான்தான். அது ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் இடம். நிஜத்தில், செனட்டுக்குப் புது மண்டபம் கட்டும் வேலை அப்போது முடியாமல் இருந்ததால், பாம்பேயின் நாடக அரங்கை ஒட்டிய ஒரு மண்டபத்தில் சபை கூடியது. தான் போரில் தோற்கடித்த அதே பாம்பேயின் சிலைக்கடியில், 23 குத்துகளோடு சீசர் விழுந்தார். பரீட்சையில் "கேபிடல்" என்று எழுதி மார்க் வாங்கியவர்கள் அதைத் திருப்பித் தர வேண்டாம்.

அந்த மண்டபத்தின் அடித்தளத்தில் ஒரு பகுதியை இன்றும் பார்க்கலாம். இடத்தின் பெயர் லார்கோ டி டோரே அர்ஜென்டினா. தென் அமெரிக்க நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்கு லத்தீனில் அர்ஜென்டோராட்டம் என்று பெயர். அந்தப் பக்கத்திலிருந்து வந்து போப்பாண்டவரிடம் சடங்கு அதிகாரியாக இருந்த புர்க்கார்ட் என்பவரின் வீட்டுக் கோபுரத்தால் வந்த பெயர் இது. வீடு கட்டிப் பூர்வீக ஊர்ப் பெயரை வைக்கும் ஆசை நமக்கு மட்டும் உள்ளதல்ல.

1926-ல் அங்கே இருந்த பழைய கட்டடங்களை இடித்தபோது அடியிலிருந்து நான்கு கோயில்கள் வெளிப்பட்டன. எல்லாம் குடியரசுக் காலத்தவை, சீசருக்கும் மூத்தவை. தோண்டி முடித்து 1929-ல் முசோலினி வந்து திறந்துவைத்தார். நகரத்தின் நட்டநடுவில், டிராமும் பஸ்ஸும் சுற்றி ஓட, தெருவைவிடத் தாழ்ந்த பெரிய பள்ளம். பொதுமக்கள் இறங்க முடியாது. வண்டி வராது, வெயில் காய உடைந்த தூண்கள் உண்டு. பூனைகள் குடிவந்துவிட்டன.

பூனைகளுக்குப் பின்னாலேயே பெண்கள் வந்தார்கள். தெருப் பூனைகளுக்குச் சாப்பாடு போடும் பெண்ணை ரோமில் 'கத்தாரா' என்பார்கள். மரியாதையான சொல் இல்லை. தனிக்கட்டை, கொஞ்சம் கிறுக்கு, கையில் மீந்துபோன பாஸ்தாப் பொட்டலம் என்ற கேலி அதில் இருக்கிறது. ஆஸ்கர் விருது வாங்கிய நடிகை அன்னா மன்யானியும் இந்தப் பள்ளத்துப் பூனைகளுக்குச் சாப்பாடு போட்டவர்தான். அவருக்குப் பெயர் இருந்தது, அதனால் நினைவில் நிற்கிறார். மற்றவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஆனால் சாப்பாடு போட்டதால் பூனைகளின் துயரம் தீரவில்லை. கணக்குப் பாருங்கள். ஒரு பெண் பூனை ஆறு மாத வயதிலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஒன்பது வாரம். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து. நன்றாகத் தின்றால் நிறையக் குட்டி பிழைக்கும், குட்டி பெருகினால் நோயும் சண்டையும் பெருகும். கையில் பொட்டலத்தோடு வருகிற பெண்ணால் இதை நிறுத்த முடியாது. கருத்தடை அறுவைதான் நிறுத்தும். அதற்குப் பூனையைப் பிடிக்க வேண்டும், டாக்டர் வேண்டும், பணம் வேண்டும்.

1991 ஆகஸ்டில் இத்தாலி 281-ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. தெருவில் வாழும் பூனையைத் துன்புறுத்தக் கூடாது. அரசு கால்நடை மருத்துவர்கள் அதற்குக் கருத்தடை செய்து, எந்தக் கூட்டத்திலிருந்து பிடித்தார்களோ அதே கூட்டத்தில் விட வேண்டும். தீராத கடும் நோய் இருந்தால் தவிரக் கொல்லக் கூடாது. விலங்கு நலச் சங்கங்கள் அந்தக் கூட்டங்களைப் பராமரிக்கலாம். நான் படித்த சட்டங்களில் மிகவும் நாகரிகமானவற்றில் இதையும் சேர்ப்பேன். ஆனால் சட்டம் பூனையைப் பிடித்துக் கூண்டில் போடாதே!

1993-ல் லியா டெக்கெல், சில்வியா விவியானி என்ற இரண்டு பெண்கள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். சில்வியா ஓபரா பாடகியாக இருந்தவர். அங்கே அத்தனை பூனைகளையும் தனி ஆளாகச் சமாளித்து, பணமும் தெம்பும் தீர்ந்துபோயிருந்த ஒரு பெண்ணுக்குக் கைகொடுக்கத்தான் போனார்கள். தெருவுக்கு அடியில் குகை மாதிரி ஓர் இடம். நிமிர்ந்து நிற்க முடியாது, ஈரம், கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது. அதுதான் காப்பகம். சுற்றுலா வருகிறவர்களிடம் கையேந்தினார்கள், வெளிநாட்டு விலங்கு நலச் சங்கங்களிடம் கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கருத்தடை செய்தார்கள். காப்பகம் என்று பெயர் வந்ததும் ராத்திரியில் குட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவர்களும் வந்தார்கள். அந்த வேலை இன்றுவரை முடியவில்லை.

2001-ல் ரோம் மாநகராட்சி, கொலோசியம், ஃபோரம், டோரே அர்ஜென்டினா ஆகிய இடங்களில் வாழும் பூனைகளை நகரத்தின் உயிர்-பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2012-ல் தொல்லியல் அதிகாரிகள் எதிர்த்திசையில் வந்தார்கள். காப்பகம் ஒரு பழங்கோயிலை ஒட்டி அனுமதியில்லாமல் இருக்கிறது, காலி செய்யுங்கள் என்றார்கள்.

இந்த இடத்தில் எனக்கே மனம் இரண்டுபட்டது. நம் ஊர்க் கோயில் மதிலில் ஆணி அடித்தால் சண்டைக்குப் போகிறவள் நான். தொல்லியல்காரர்கள் சொன்னது சட்டப்படி தவறில்லை. ஆனால் அத்தனை வருஷம் அந்தப் பள்ளத்தில் தினமும் இறங்கிய கால்கள் அந்தப் பெண்களுடையவை. கல்லுக்கு இருக்கும் உரிமை அங்கே 80 வருஷமாக வாழ்ந்த உயிர்களுக்கு இல்லையா? கையெழுத்து இயக்கம் நடந்தது, மேயரே பூனைகள் பக்கம் பேசினார், காப்பகம் நிலைத்தது. 2023 ஜூனில் ஒரு நகைக் கம்பெனியின் பண உதவியோடு பள்ளத்துக்குள் நடைபாதை போட்டு மக்களை உள்ளே விட்டார்கள். இப்போது கோயில்களைப் பார்க்க டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் பாதி நேரம் பூனையைத்தான் படம் எடுக்கிறார்கள்.

என் பேத்தி அங்கே படிக்கிறாள். சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போவாள். நானும் மூன்று சனிக்கிழமை போனேன். "பாட்டி உட்காரட்டும்" என்று நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் நான் டீச்சரா? தட்டு கழுவினேன், போர்வை மடித்தேன், மலத்தட்டுகளில் மண் மாற்றினேன். மொழி தெரியாததால் யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை, நிம்மதியாக இருந்தது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் வெளியே பிழைக்க முடியாதவை. கண் தெரியாத ஒரு கறுப்புப் பூனை என் புடவைத் தலைப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

இனி அந்தக் கேள்வி. "டீச்சர், நம்ம ஸ்கூல் பூனைக்குட்டிங்க ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாய் அம்மா. உன் பெயரை இங்கே எழுதவில்லை.

ஞாபகம் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் அறையில் அட்டைப்பெட்டிக்குள் மூன்று குட்டி. மதிய உணவில் பாதியை நீ அவற்றுக்கு வைத்தாய். ஆய்வு அதிகாரி வரும் நாள் என்று நான் பயந்தேன். பியூனிடம் சாக்குக் கொடுத்து, மீன் மார்க்கெட்டில் விட்டுவிடச் சொன்னேன். "அங்கே பிழைத்துக்கொள்ளும்" என்று உன்னிடம் சொன்னது நான் நம்பாத வார்த்தை. கண்கூடத் திறக்காத குட்டிகள் எப்படிப் பிழைக்கும்? அந்த வருஷம் முழுக்க நீ என் வகுப்பில் கையே தூக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

என் தப்புதான். மன்னித்துக்கொள்.

இப்போது எங்கள் தெருவில் நான்கு வீடுகள் சாப்பாடு வைக்கும் இரண்டு பெண் பூனைகள் இருக்கின்றன. ஒன்று ஏற்கெனவே சினை. நம் மாணவர்களில் கால்நடை மருத்துவர்கள் இரண்டு பேராவது இருக்கிறீர்கள். பூனை பிடிக்கும் கூண்டு எங்கே கிடைக்கும், குட்டி போட்டு எத்தனை வாரம் கழித்து அறுவை செய்யலாம் என்று கீழே எழுதுங்கள். இந்த வயதில் பூனை பின்னால் ஓட என்னால் முடியாது. ஓடத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள், இட்லி உண்டு.