விடியுமுன் கிளம்பிய வண்டி

கதை எழுதுகிறவனைச் சரித்திரம் படிக்கும்போதும் ஒரு பழக்கம் விடுவதில்லை. ஜெயித்தவனின் ஊர்வலத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தோற்றவன் எந்த வழியாக வீட்டுக்குப் போனான் என்று அவன் தேடிக்கொண்டிருப்பான். அப்படித் தேடிய போதுதான் ஜான் ஆடம்ஸ் எனக்கு அகப்பட்டார்.

1801 மார்ச் 4. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியாக ஜெஃபர்ஸன் அன்று வாஷிங்டன் நகரில் பதவி ஏற்றார். இரண்டாவது ஜனாதிபதியான ஆடம்ஸோ, பொழுது விடியுமுன்பே வண்டி ஏறி ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். புதியவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட நிற்கவில்லை. சிறிய மனது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அந்தத் தோல்வி எப்படி வந்தது என்று படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

1797-ல் வாஷிங்டனுக்கு அடுத்தபடி அந்த நாற்காலியில் அமர்ந்தவர் ஆடம்ஸ். 71-க்கு 68 என்று மூன்றே வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். அந்நாளைய சட்டப்படி, தோற்ற ஜெஃபர்ஸனே உப ஜனாதிபதி! மந்திரிகளோ வாஷிங்டன் விட்டுப்போனவர்கள். அவர்களில் முக்கியமானவர்கள் நியூயார்க்கிலிருந்த ஹாமில்டனின் யோசனைக்கே காது கொடுத்தார்கள். வீடு இவருடையது, சாவிக்கொத்து வேறொருவர் இடுப்பில்.

அப்போது பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரான்ஸ், அமெரிக்க வர்த்தகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. சமாதானம் பேசத் தூதர்களை அனுப்பினார் ஆடம்ஸ். பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி தாலிராந்தின் ஆட்கள், பேச்சைத் தொடங்கவே லஞ்சம் கேட்டார்கள். 1798-ல் இது வெளியானதும் அமெரிக்கா கொதித்தது. படை திரட்டினார்கள், கடற்படைக்கு ஓர் இலாகாவே பிறந்தது. கடலில் இரு நாட்டுக் கப்பல்களும் மோதின. என்றைக்கும் ஜனங்களின் செல்லப்பிள்ளையாக இராத ஆடம்ஸுக்கு எங்கு பார்த்தாலும் ஜயகோஷம். "யுத்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

அவரை மகானாக்கிவிட நான் விரும்பவில்லை. அதே 1798-ல், அரசாங்கத்தை அவதூறாக எழுதினால் சிறை என்ற சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தாம். மாத்யூ லயன் என்ற காங்கிரஸ் அங்கத்தினருக்கு அதனால் நாலு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். உள்ளே இருந்தவரையே ஜனங்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். எழுதிப் பிழைக்கிற என்னால் அந்தக் கையெழுத்தை மன்னிக்க முடியாது.

ஆனால் 1799 பிப்ரவரியில் அந்தக் கையே இன்னொரு காகிதத்திலும் கையெழுத்திட்டது. மந்திரிகளை ஒரு வார்த்தை கேட்காமல், சமாதானத் தூதர் ஒருவரை நியமிக்கப்போவதாக செனட் சபைக்கு எழுதியனுப்பினார். சொந்தக் கட்சியே அவர்மேல் பாய்ந்தது. அவர் அசையவில்லை. 1800 செப்டம்பர் கடைசியில் பிரான்ஸில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தந்தி இல்லாத காலம். செய்தி கப்பலேறி வர வேண்டும். தேர்தலில் அவரைக் காப்பாற்றும் அளவுக்கு அது வேளையோடு வந்து சேரவில்லை. ஜெஃபர்ஸனுக்கு 73, இவருக்கு 65. அந்த நவம்பர் முடிவில் முப்பதே வயதான மகன் சார்லஸும் இறந்துபோனான்.

இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அந்த வண்டி இருட்டில் போயிற்று.

பல வருஷங்கள் கழித்து, 1815-ல், ஒரு கடிதத்தில் தம் கல்லறை வாசகத்தைப் பற்றி எழுதினார். ஜனாதிபதியாக இருந்ததைப் பொறிக்கச் சொல்லவில்லை. பிரான்ஸுடன் சமாதானம் செய்த பொறுப்பை ஏற்றவன் என்பது மட்டும் போதும் என்றார்.

போரில் வென்றவனுக்குச் சிலை வைக்கிறோம். வராமற்போன போருக்கு யார் சிலை வைப்பார்கள்? அதில் சாகாமல் தப்பிய பிள்ளைகளுக்கே தாங்கள் தப்பியது தெரியாது. அவர்கள் உழுதார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், கிழவர்களானார்கள். விடியுமுன் கிளம்பிய அந்த வண்டிக்கு வழியனுப்ப ஒருவர் இருந்திருந்தால், அது அவர்களுடைய தாய்மாராகத்தான் இருந்திருக்க வேண்டும்.