வீட்ல சொல்லிட்டு வந்தியா?

மழை விட்ட ஒரு காலை. சென்னையின் பெரிய சாலை ஒன்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதற்குள் எங்கே பள்ளம், எங்கே மூடியில்லாத சாக்கடை என்று தெரியாது. அதனால் ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி வந்தேன். பின்னால் ஹாரன். விடாத ஹாரன். என்னைத் தாண்டும்போது காரின் கண்ணாடி இறங்கியது. "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

சென்னையில் இதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. சாகத்தானே கிளம்பியிருக்கிறாய், விடைபெற்றுக்கொண்டாயா என்று அர்த்தம். லாரிக்காரர் ஆட்டோக்காரரைக் கேட்பார், ஆட்டோக்காரர் பைக்கைக் கேட்பார், பைக் சைக்கிளைக் கேட்கும். சைக்கிள்காரன் மட்டும் யோக்கியனா என்ன? ரோட்டைக் கடக்கும் கிழவியைப் பார்த்து அவனும் கேட்பான். மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும் கேள்வி அது.

இந்தக் கோபம் கார்கள் பெருகிய பின் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நெரிசல், டென்ஷன், ஆபீசுக்கு லேட் என்று காரணமும் சொல்லி வைத்திருந்தேன். பழைய கதைகளைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, கார் பிறக்கும் முன்பே இந்தக் கோபம் பிறந்துவிட்டது என்று.

*

1817 ஜூன் மாதம் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி உந்தித்தான் போக வேண்டும். அன்றைய சாலைகளில் வண்டித் தடங்கள் வாய்க்கால் மாதிரி கிடந்ததால், ஓட்டியவர்கள் வழவழப்பான நடைபாதையில் ஏறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நடைபாதையில் அதை ஓட்ட மன்ஹைமிலேயே தடை வந்தது. 1819இல் லண்டனின் பணக்கார இளைஞர்களை அந்த மோகம் பிடித்தபோது அங்கும் அபராதம், கேலிச்சித்திரம். சாலையில் ஓட முடியாது, நடைபாதையில் ஓடக் கூடாது. சைக்கிளின் ஜாதகம் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

நிஜமான மோதல் 1870களின் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. முன்னால் ராட்சதச் சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம் வைத்த பென்னி ஃபார்திங் காலம் அது. ஓட்டியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டு இளைஞர்கள். அந்த வண்டியின் இருக்கை எவ்வளவு உயரம் என்று யோசித்துப் பாருங்கள். குதிரையில் போகும் கனவானின் கண்ணுக்கு நேர் எதிரே சைக்கிள்காரனின் கண். போதாததற்கு அவன் முந்திக்கொண்டும் போனான்.

1876இல் செயின்ட் ஆல்பன்ஸ் கோச் வண்டியை ஒரு சைக்கிள்காரர் கடந்தார். கோச்மேன் அவரைச் சாட்டையால் அடித்தார். வண்டியின் காவலாளோ கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரக் கம்பிகளுக்குள் வீசி, வண்டியையும் ஆளையும் தரையில் இழுத்துத் தள்ளினார். சாட்டை கோச்மேனின் கையில் எப்போதும் இருப்பது, ஆத்திரத்தில் வீசிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரும்புக் குண்டு? கயிறு கட்டித் தயாராக எடுத்து வந்திருக்கிறார்கள். வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்த கோபம் அது.

குதிரைகள் மிரண்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். மிரண்டதும் உண்மைதான். ஆனால் அதற்குள் ரயில் வந்து நெடுந்தூரக் கோச் தொழிலைக் கிட்டத்தட்ட முடித்திருந்தது. ரயிலின் சக்கரத்தில் குண்டு எறிய முடியாது. சைக்கிளின் சக்கரத்தில் எறியலாம்.

*

சைக்கிளுக்குச் சாலை உரிமை வந்த கதை இன்னும் விசித்திரமானது. அது ஒரு தண்டனையின் வழியாக வந்தது.

லண்டனின் வடக்கே மஸ்வெல் ஹில்லில் டெய்லர் என்பவர் வெறித்தனமான வேகத்தில் சைக்கிள் ஓட்டியதாகப் பிடிபட்டார். 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் "வண்டி"யை அப்படி ஓட்டுவதைத்தான் குற்றம் என்றது. அந்தச் சட்டம் எழுதிய காலத்தில் சைக்கிளை யார் கண்டார்கள்? சைக்கிள் ஒரு வண்டியா என்பதே வழக்கு. 1879இல் உயர் நீதிமன்றம், ஆம், வண்டிதான் என்றது. டெய்லர் தோற்றார். ஆனால் வண்டி என்றால் சாலையில் அதற்கு இடம் உண்டு. தோற்றவர் ஒருவர், ஜெயித்தது அத்தனை சைக்கிள்களும்.

அடுத்த வருடமே வில்லியம்ஸ் என்பவரின் வழக்கு. சுங்கச்சாவடியில் வண்டிக்கு வாங்கும் கட்டணத்தை சைக்கிளுக்கும் வாங்கலாமா? கூடாது, அந்தச் சுங்கச் சட்டத்தின்படி சைக்கிள் வண்டி அல்ல என்று தீர்ப்பு. தண்டிக்கும்போது வண்டி, வசூலிக்கும்போது வண்டி இல்லை! அது என்ன பிராணி என்று சட்டத்துக்கே பிடிபடவில்லை.

இடையில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சைக்கிளுக்கு விதி போடும் அதிகாரத்தை அந்தந்த வட்டார நிர்வாகங்களுக்குக் கொடுத்திருந்தது. எல்லை தாண்டினால் விதி மாறும். சைக்கிள் சங்கங்கள் விடாமல் அழுத்தம் கொடுத்தன. 1888இல் உள்ளாட்சிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு அந்தத் தனித்தனி விதிகளைத் தூக்கிவிட்டு, நாடு முழுக்க சைக்கிள் ஒரு வண்டி என்று அறிவித்தது. பதிலுக்கு இரண்டு நிபந்தனை: இரவில் விளக்கு எரிய வேண்டும், யாரையும் முந்தும்போது மணி அடிக்க வேண்டும்.

*

சட்டம் சைக்கிளை ஏற்றுக்கொண்டது. மேலே உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்வி பாக்கி இருந்தது.

1893இல் டெஸ்ஸி ரெய்னால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து லண்டன் போய் எட்டரை மணி நேரத்தில் திரும்பினார். பத்திரிகைகள் பதறியது தூரத்துக்காக அல்ல, அவர் போட்டிருந்த கால்சட்டைக்காக. 1897 மே மாதம் பெண்களுக்கு முழுப் பட்டம் தரலாமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வாக்கெடுத்தது. வாக்கெடுப்பு நடந்த கட்டடத்தின் எதிரே மாணவர்கள் ஒரு கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். கால்சட்டை போட்ட பெண், சைக்கிள் மேல். தீர்மானம் தோற்றதும் அந்தப் பொம்மையைப் பிய்த்து, மிச்சத்தைப் பெண்கள் படித்த நியூன்ஹாம் கல்லூரி வாசல்வரை கொண்டுபோனார்கள். படித்த பெண்ணைக் கேலி செய்ய புத்தகம் கையில் வைத்த பொம்மை போதாதா? சைக்கிள்தான் தேவைப்பட்டது. புத்தகத்தோடு அவள் வீட்டுக்குள் இருப்பாள், சைக்கிளோடு எங்கே போவாள் என்று யாருக்குத் தெரியும்? கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்.

*

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய சமம், சங்கிலி பின் சக்கரத்தைச் சுற்றும். இன்று நாம் ஓட்டுவதும் அதே வடிவம்தான். 1888இல் டன்லப்பின் காற்று டயர். பிறகு விலை சரிந்தது. புதிய நூற்றாண்டில் சைக்கிள் ஆலைத் தொழிலாளியின் வாகனமானது. பணக்காரர்கள் இறங்கிக் காருக்குப் போனார்கள். நல்ல சாலை கேட்டு இயக்கம் நடத்தியவர்களில் சைக்கிள் சங்கத்தார் முன்னோடிகள். 1886லேயே சாலை மேம்பாட்டுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டு வாங்கிய சமதளத்தில் கார் வேகமாக வந்தது.

1934இல் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் செத்தார்கள். அந்த டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா, லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை திறந்து வைத்தார். சைக்கிள்காரர்கள் கைதட்டியிருக்க வேண்டும் அல்லவா? அவர்களுடைய பெரிய சங்கம் எதிர்த்தது. இன்று பாதை தருவார்கள், நாளை சாலையில் கால் வைக்காதே என்பார்கள் என்ற பயம். பயம் வெறும் கற்பனை அல்ல. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஆல்னெஸ் பிரபு தலைமையிலான மேலவைக் குழு, சைக்கிள்களைத் தனியே பிரிக்கச் சொன்னது. சின்னப் பிள்ளைகள் பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது என்றது. பிள்ளைகள் மேல் மோதுவது என்ன என்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்துவது சுலபமாகத் தெரிந்தது. போர் வந்து எல்லாவற்றையும் ஒத்திப்போட்டது.

அந்தச் சங்கம் எதிர்த்தது சரியா என்று எனக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. 1970களில் நெதர்லாந்தில் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. 1971இல் மட்டும் அங்கே 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்திருந்தார்கள். அதற்குப் பின் அங்கேயும் தனிப்பாதைகள்தான் போட்டார்கள். ஆனால் காரின் இடத்தையும் வேகத்தையும் குறைத்துப் போட்டார்கள். பாதை தனியாக இருப்பது பிரச்சினை இல்லை. யாருடைய அகலத்திலிருந்து வெட்டித் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

*

விளக்கு எரிய வேண்டும் என்ற விதி நம் ஊரிலும் இருந்தது. டைனமோ எரியாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் பிடித்து டயரின் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று என் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு அது சிரிப்பான நினைவு. எல்லோருக்கும் அப்படி இல்லை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித்துகள் ஆதிக்க சாதித் தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது; சில ஊர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. அங்கே குதிரை மிரளவில்லை. நெரிசலும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைவிட உயரத்தில் ஒருவர் கடந்து போகிறார், அவ்வளவுதான் குற்றம். பொதுச் சாலையைப் பயன்படுத்துவதில் சாதி பார்க்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 1950லேயே சொல்லிவிட்டது. காகிதத்தில் ஏறிய உரிமை சைக்கிளில் ஏற எத்தனை வருடம் ஆகிறது!

1991ஐ ஒட்டி, புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். தெருவில் ஆபாசப் பேச்சு வந்தது. அதையும் தாண்டி ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்களில் சிலருக்கு அதுவே பிடித்துப்போனது, முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். இதைப் படித்தபோது கேம்பிரிட்ஜில் தொங்கிய அந்தப் பொம்மை ஞாபகம் வந்தது. சுமார் நூறு வருடம் கழித்து அவள் கீழே இறங்கி, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அத்தோடு கதை சுபமாக முடியவில்லை. 2008இல் கொல்கத்தா காவல்துறை 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. 2013இல் அது 174 சாலைகளானது. பால்காரர், பேப்பர் போடுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எல்லோரும் அபராதம் கட்டினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 62ஆகக் குறைத்தார்கள். காரணம், போக்குவரத்து மெதுவாகிறதாம். கோச்மேன் குதிரையைச் சொன்னார், இவர்கள் வேகத்தைச் சொல்கிறார்கள்.

அந்தக் கார்க்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருந்திருக்கும். அவர் அப்பா அதில் வேலைக்குப் போயிருப்பார். ஹாரன் அடித்த அந்த நொடியில் அவர் கண்ணில் பட்டது அப்பா அல்ல, ஓரத்தில் போக வேண்டியவன் நடுவில் வந்துவிட்டான் என்பது மட்டும்தான்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஓரத்துத் தண்ணீருக்குள் திரும்பவும் இறங்கவில்லை. அதே இரண்டடியில் மிதித்துப் போனேன்.

வீட்ல சொல்லிட்டுத்தாங்க வந்தேன். சாயங்காலம் வந்துடுவேன்னு.