ஒரு சன்னலுக்கான காணிக்கை



அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களுக்காக நடந்து நிதி திரட்டும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. இவ்வில்லங்களின் நவீன வரலாற்றில் எளியவர் ஒருவரின் காணிக்கை நிற்கிறது. 1948இல் லண்டனில் புற்றுநோயால் மரித்த டேவிட் தாஸ்மா என்னும் உணவக ஊழியர், தம்மைத் தேற்றிய சிசிலி சாண்டர்ஸிடம், அவர் அமைக்கவிருந்த இல்லத்தின் சன்னலுக்கென 500 பவுண்டு விட்டுச்சென்றார். அந்தச் சன்னலைச் சுற்றி இல்லம் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் 1967இல் திறக்கப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பணியும் எளியோரின் சிறுதொகைகளால் பெரிதும் தாங்கப்பட்டது.

பிழைப்பார் என்ற நம்பிக்கையில் கொடுப்பது எளிது. பிழைக்கமாட்டார் என்று அறிந்தும் கொடுப்பவர் யார்? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இப்பணிக்காக நீங்கள் நடக்கும் நாள் வந்தால், உங்கள் தொகை சிறிதென்று தயங்காதீர்கள். அது ஒருவருடைய கடைசி அறைக்குச் சன்னலாகலாம்.