பாதையில் பதிந்த அடிகள்

ராஜம் கிருஷ்ணன் (1925–2014) 1991இல் வெளியிட்ட நாவல். கீழத் தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் மணலூர் மணியம்மையின் வாழ்க்கையே இதன் கரு. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளவயதிலேயே கணவரை இழந்த அவர், முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து சேரிகளுக்குள் சென்றார். கூலி கேட்டவருக்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் கிடைத்த காலம் அது.

அரசின் கண்காணிப்பையும் குடிமக்கள் உரிமையையும் பற்றிப் படிக்கும் இளையோருக்கு இந்த நாவல் மிகவும் பொருந்தும். விடுதலைக்குப் பின் கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை பாய்ந்தபோது டெல்டாத் தலைவர்கள் பலர் தலைமறைவாயினர். அவர்களில் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டும் அதுதான் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கிலும், அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. கண்காணிப்பு என்ற பெயரில் போலீசார் நள்ளிரவில் வீடு புகுவது செல்லாது என்ற தீர்ப்பு 1962இல் கரக் சிங் வழக்கில்தான் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அறிவிக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மணியம்மை 1953இல் இறந்தார். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன.