ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கலாமா? வேலையை விடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பாயின்ட்ஸ் டேபிளும் டிக்கெட் பேச்சும்தான். வார இறுதியில் டர்ஃப் புக் பண்ணி, ஆள் சேர்த்து, காசு பிரித்து வசூலிப்பதும் நீங்கள்தான். "இதையே வேலையா பார்த்தா என்ன?" என்று ஒருநாளாவது தோன்றியிருக்கும். இணையத்தில் தேடிப் பார்த்தால் எம்பிஏ, பிஜி டிப்ளமோ, ஆறு மாத சான்றிதழ், வெளிநாட்டு மாஸ்டர்ஸ் என விளம்பரங்கள் வரிசை கட்டும்.

இந்தியாவில் விளையாட்டுத் துறை வளர்கிறது என்று அவை சொல்வது உண்மைதான். ஆனால் துறையில் பணம் கொட்டுவது வேறு, அதில் உங்களுக்கு நிலையான சம்பளம் வருவது வேறு. படிப்பு, வேலை, பணம் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

இந்தப் படிப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

விளையாடவும் பயிற்சி கொடுக்கவும் கற்றுத்தருவது உடற்கல்விப் படிப்பு. விளையாட்டை நடத்தக் கற்றுத்தருவது விளையாட்டு மேலாண்மை. ஸ்பான்சர் பிடிப்பது, ஒளிபரப்பு உரிமை, டிக்கெட் விற்பனை, மைதான நிர்வாகம், வீரர் ஒப்பந்தம், நிதி, சட்டம், போட்டி ஏற்பாடு எல்லாம் இதில் வரும்.

இப்படியொரு படிப்பு தேவை என்ற யோசனைக்கு அமெரிக்காவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளராக இருந்த வால்டர் ஓ'மாலி முக்கியக் காரணம். விளையாட்டு நிர்வாகத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்டு ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு 1957-ல் அவர் கடிதம் எழுதினார். 1966-ல் ஓஹையோ பல்கலைக்கழகம் முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. தேவை முதலில் வந்தது, பட்டம் பிறகு வந்தது. இன்று நாம் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே வரிசையில் யோசிப்பது நல்லது: யாருக்கு என்ன வேலைக்கு ஆள் தேவை?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, விளையாட்டு, பொழுதுபோக்கு, நிகழ்ச்சி மேலாண்மை மூன்றையும் ஒரே பட்டமாகத் தருகின்றன. அங்கே பொழுதுபோக்கு என்றால் பூங்கா, நீச்சல் குளம், குடியிருப்புப் பகுதி விளையாட்டுகள், கோடை முகாம்கள். இந்தியாவில் பெரும்பாலும் 'ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற பெயரில்தான் படிப்பு இருக்கும்.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் இது இரண்டு வழிகளில் வளர்ந்தது. ஒன்று உடற்கல்விப் பல்கலைக்கழகம், மற்றொன்று பிசினஸ் ஸ்கூல். சில உதாரணங்கள்:

• தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், மேலக்கோட்டையூர், சென்னை. 2004-ல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்தது. விளையாட்டு மேலாண்மையில் எம்பிஏ உண்டு.

• ஐஐஎஸ்டபிள்யூபிஎம், கொல்கத்தா. 1953-ல் தொடங்கிய மேலாண்மைக் கல்வி நிறுவனம். விளையாட்டு மேலாண்மையை முன்கூட்டியே கையில் எடுத்த இடங்களில் ஒன்று.

• ஐஐஎஸ்எம், மும்பை. முன்னாள் இந்திய சுழற்பந்து வீச்சாளர் நிலேஷ் குல்கர்னி 2010-ல் தொடங்கியது. டெஸ்ட் கிரிக்கெட்டில் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தாரே, அவர்தான்.

• சிம்பயாசிஸ் ஸ்கூல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் சயின்சஸ், புனே. எம்பிஏ.

• ஐஐஎம் ரோத்தக். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைக் குறிவைத்த எக்சிகியூட்டிவ் பிஜி டிப்ளமோ.

வெளிநாட்டில் அதிகம் பேசப்படுவது 'ஃபிஃபா மாஸ்டர்'. 2000-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் லெஸ்டர், இத்தாலியின் மிலான், சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் என மூன்று ஊர்களில் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன.

எம்பிஏ, பிஜிடிஎம், சான்றிதழ்: என்ன வித்தியாசம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்பிஏ என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகமோ, பட்டம் வழங்கச் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் தர முடியும். தனி நிறுவனங்கள் தருவது பிஜிடிஎம். அதற்கு ஏஐசிடிஇ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் 'இண்டஸ்ட்ரி சர்டிபிகேட்' மட்டும் தரும் இடங்களும் உண்டு. அதிலும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கலாம். ஆனால் அரசு வேலைக்கோ பிஎச்டிக்கோ அதைக் காட்ட முடியாது.

ஆன்லைன் எம்பிஏ என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைனில் பட்டம் வழங்க யுஜிசி அனுமதி இருக்கிறதா என்பதை யுஜிசி தளத்திலேயே பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை. சேர்க்கை கவுன்சிலர் சொல்வதை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, படிச்சா வேலை எங்கே?

'சிஎஸ்கே ஆபீஸ்ல வேலை' என்பதுதான் பலரின் கனவு. ஒரு சின்னக் கூட்டல் போடுவோம். 2025 நிலவரப்படி ஐபிஎல்லில் 10 அணிகள், பெண்கள் பிரீமியர் லீக்கில் 5, புரோ கபடியில் 12. 2024-25 ஐஎஸ்எல் கால்பந்தில் 13. மொத்தம் 40. நாட்டின் நான்கு பெரிய லீக்குகளைக் கூட்டினாலும் இவ்வளவுதான். சில அணிகளுக்கு ஒரே உரிமையாளர் என்பதால் வேலை தரும் நிறுவனங்கள் இன்னும் குறைவு. சீசன் முடிந்த பிறகு ஆண்டு முழுக்க ஆட்களை வைத்திருக்க வேண்டிய அவசியமும் பல அணிகளுக்கு இல்லை.

வேலைகள் அதிகம் இருப்பது வேறு இடங்களில்:

• போட்டி, மாரத்தான், கார்ப்பரேட் லீக் நடத்தும் நிகழ்ச்சி நிறுவனங்கள்
• ஸ்பான்சர் ஏஜென்சிகள், பிராண்டுகளின் மார்க்கெட்டிங் பிரிவுகள்
• ஒளிபரப்பு, டிக்கெட், டர்ஃப் புக்கிங் நிறுவனங்கள்
• பள்ளிகளில் விளையாட்டுத் திட்டங்களை எடுத்து நடத்தும் நிறுவனங்கள், அகாடமிகள்
• விளையாட்டுச் சங்கங்கள், அரசு விளையாட்டு ஆணையங்கள்

கடைசியாகச் சொன்ன சங்கங்களைக் கவனியுங்கள். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு இது வழி செய்கிறது. சங்கங்கள் முறையாகத் தேர்தல் நடத்த வேண்டும், கணக்கு காட்ட வேண்டும், வீரர்களின் குறைகளைக் கேட்க வேண்டும். நடைமுறையில் இதற்கெல்லாம் கணக்கும் சட்டமும் தெரிந்த ஆட்கள் வேண்டும். 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கின்றன. 2036 ஒலிம்பிக்கை நடத்தவும் இந்தியா முயல்கிறது. ஆட்கள் தேவை கூடும். ஆனால் இப்படிப்பட்ட போட்டிகளுக்கான வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நிறைவு விழாவோடு முடிந்துவிடும்.

இந்தப் பணம் எவ்வளவு நிலையானது?

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஏலத்தில் சொல்லப்பட்ட 410 ஆட்டங்களால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. விளம்பரங்கள் காட்டும் எண் இதுதான். கூடவே வேறு மூன்று சம்பவங்களையும் பாருங்கள்.

ஒன்று: 2025 ஆகஸ்ட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டம் வந்தது. அப்போது இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சி ஸ்பான்சராக இருந்த ட்ரீம்11 விலகியது. அடுத்த மாதம் நடந்த ஆசியக் கோப்பையில் நம் அணி ஸ்பான்சர் பெயர் இல்லாத ஜெர்சியில் ஆடியது. கிரிக்கெட் வாரியத்துக்கு விரைவில் வேறு ஸ்பான்சர் கிடைத்தது. இதே பணத்தை நம்பியிருந்த சிறிய லீக்குகளுக்கு அது அவ்வளவு எளிதல்ல.

இரண்டு: கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல்லை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், 2025 ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்சி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. நன்றாக வேலை பார்த்தவர், சுமாராகப் பார்த்தவர் என்ற வித்தியாசமே அங்கே இல்லை.

மூன்று: ஐபிஎல் உரிமையை 2022-ல் டிவிக்கு ஒருவர், டிஜிட்டலுக்கு ஒருவர் எனப் போட்டி போட்டு வாங்கிய ஸ்டாரும் வயாகாம்18-ம் 2024 நவம்பரில் ஒன்றாகிவிட்டன. அடுத்த ஏலத்தில் அந்த இருவரும் எதிரெதிரே உட்காரப் போவதில்லை.

மூன்றுக்கும் பொதுவான விஷயம்: இந்தத் துறையின் வருமானம் சில பெரிய ஒப்பந்தங்களில் தொங்குகிறது. கல்விக் கடன் வாங்கிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நிகழ்ச்சி மேலாண்மையில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

மேடை, லைட், செலிபிரிட்டி என்றுதான் இது பலருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் இந்த வேலையில் தப்பு நடந்தால் மனிதர்கள் சாகிறார்கள்.

2025 ஜூன் 4. ஆர்சிபி தன் முதல் ஐபிஎல் கோப்பையை வென்ற மறுநாள். பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். மைதானத்தில் சுமார் 35,000 பேர்தான் உட்கார முடியும். வந்ததோ 2 லட்சத்துக்கும் மேல் என்றது கர்நாடக அரசு. அனுமதி இலவசமா, பாஸ் வேண்டுமா, எந்த வாசல், எத்தனை மணிக்கு என்ற குழப்பம் வாசலில் உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு, பெங்களூருவில் நடக்க வேண்டிய பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன.

சென்னைக்காரர்களுக்கு 2023 செப்டம்பர் 10 நினைவிருக்கும். ஈசிஆரில் ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போகவே முடியவில்லை. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிகள் தொடங்க 12 நாள் இருக்கும்போது, முக்கிய மைதானத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள்.

நல்ல உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட 2022 செஸ் ஒலிம்பியாட், மார்ச் மாதத்தில் சென்னைக்கு வந்தது. ஜூலை 28-ல் தொடக்க விழா. சுமார் நான்கரை மாதத்தில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளுக்கு விசா, விமான நிலைய வரவேற்பு, ஹோட்டல், உணவு, மாமல்லபுரத்துக்குப் பஸ், அரங்கில் செஸ் போர்டுகள் என எல்லாம் தயாராக வேண்டியிருந்தது. யாரும் கைதட்டாத இந்த வேலைகள்தான் நிகழ்ச்சி மேலாண்மை.

எனவே நீங்கள் சேரும் படிப்பில் கூட்ட மேலாண்மையும் பாதுகாப்பும் தனிப் பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை வாசல், வெளியேறும் வழியின் அகலம் என்ன, கூட்டம் கூடினால் யார் எப்போது நிகழ்ச்சியை நிறுத்துவது: இதெல்லாம் கணக்கு போட்டு எடுக்க வேண்டிய முடிவுகள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-ல் வெளியிட்ட கூட்ட மேலாண்மை வழிகாட்டியை இப்போதே படிக்க ஆரம்பிக்கலாம். செலவில்லை.

ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்களா?

அப்படியானால் உங்களிடம் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். டேட்டா தெரிந்தவருக்கு டிக்கெட் விற்பனையிலும் ஒளிபரப்பிலும் இடம் இருக்கிறது. கணக்குத் தெரிந்தவருக்குச் சங்கங்களிலும், சட்டம் படித்தவருக்கு ஒப்பந்தங்களிலும் வேலை இருக்கிறது. 'எனக்கு கிரிக்கெட்னா உயிர்' என்று சொல்பவர்கள் எல்லா நேர்காணலிலும் இருப்பார்கள். அவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டப்போவது கையில் இருக்கும் திறமைதான்.

படிப்பில் சேரும் முன் ஒரு சீசன் வேலை செய்து பாருங்கள். உங்கள் ஊர் மாரத்தானில் தன்னார்வலராகப் போகலாம். மாநில அளவிலான போட்டிகளில் உதவலாம். 2025 இறுதியில் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது போல, பெரிய போட்டிகள் பக்கத்திலேயே வருகின்றன. மற்றவர்கள் மேட்ச் பார்க்கும் நேரத்தில் நீங்கள் பார்க்கிங்கில் நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் வேலை நாளாகிவிடும். அதன் பிறகும் பிடித்திருக்கிறதா? அப்போது கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இது யுஜிசி அங்கீகாரம் பெற்ற பட்டமா, ஏஐசிடிஇ அனுமதி பெற்ற பிஜிடிஎம்மா, வெறும் சான்றிதழா?

2. கடந்த பேட்ச்சில் எத்தனை பேர் முழுநேர வேலைக்குப் போனார்கள்? இன்டர்ன்ஷிப்பையும் 'பிளேஸ்மென்ட்' கணக்கில் சேர்க்கிறார்களா?

3. படிக்கும் காலத்தில் எத்தனை போட்டி நாட்கள் களத்தில் வேலை செய்ய வைப்பார்கள்? அதற்கு உதவித்தொகை உண்டா, இலவச உழைப்பா?

4. பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் போட்டி நடத்திய அனுபவம் உள்ளவர்கள்? பிரபல வீரர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பேசுவது வகுப்பு ஆகாது.

5. நிதி, சட்டம், கூட்டப் பாதுகாப்பு மூன்றும் கட்டாயப் பாடங்களா?

6. மூன்று வருடத்துக்கு முன் படித்து முடித்த இருவரிடம் நீங்களே பேசினீர்களா? நிறுவனம் கொடுத்த நம்பர் வேண்டாம், லிங்க்ட்இன்னில் நீங்களே தேடிப் பிடியுங்கள். இன்றும் இதே துறையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆறுக்கும் தெளிவான பதில் தரும் இடம் இருந்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள். 2, 3-ஆம் கேள்விகளுக்கு மழுப்பினால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் அடுத்த சீசனில் களத்தில் செலவிடுங்கள். இந்தத் துறையில் வேலை தருபவர் முதலில் கேட்பதும் 'இதுவரை என்ன நடத்தியிருக்கிறீர்கள்?' என்பதைத்தான்.