அழற்சியும் மனநிலையும்

உடலில் எங்கோ எழும் அழற்சி, மூளையின் இயக்கத்தையும் மனநிலையையும் மாற்றக்கூடியது. காய்ச்சல்காரர் பசியிழந்து, பேச்சைக் குறைத்து, போர்த்திச் சுருண்டு படுப்பது இந்த மாற்றத்தின் எளிய வடிவம். இந்த ‘நோய்க்கால நடத்தை’ வெறும் தளர்ச்சியன்று, கிருமியை எதிர்க்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு என 1988-இல் கால்நடை மருத்துவ ஆய்வாளர் பெஞ்சமின் ஹார்ட் வாதிட்டார்.

நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் எனும் சேதிப் புரதங்கள் ரத்தம் வழியாகவும், வேகஸ் நரம்பைத் தூண்டியும் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கே மூளையின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. நாட்டத்தைத் தூண்டும் டோபமைனின் செயல்பாடு தளர்கிறது. பிடித்த மீன்குழம்புகூட வேண்டாமென்று தோன்றுவது இப்படித்தான். ஹெபடைட்டிஸ்-சி நோய்க்கு, சைட்டோகைன் வகையைச் சேர்ந்த இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஊசி போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு கண்டது இந்தத் தொடர்புக்கு வலுவான சான்று.

தமிழகம் நன்கறிந்த உதாரணம் சிக்குன்குனியா. 1964-இல் சென்னையிலும், 2006-இல் மாநிலத்தின் பல மாவட்டங்களிலும் பரவியது. காய்ச்சல் சில நாளில் விடும். மூட்டுவலியும் அசதியும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், கூடவே மனச்சோர்வும் வரலாம். புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் போன்ற விவசாய ஊர்களில் கைவிரல் மடங்காதவர் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போக முடியாது. அந்தக் கூலி இழப்பை விட்டுவிட்டு அழற்சியை மட்டும் குறை சொல்வது அரைக்கணக்கு.

எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதில்லை. மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வுக்கு அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2013-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் ஒட்டுமொத்தமாகப் பலனில்லை; ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது.