கடல் கடந்த சதிர்

1838ஆம் ஆண்டு. புதுவையிலிருந்து பிரான்சு நோக்கிக் கப்பலேறினர் ஆடல் மகளிர் ஐவர். உடன் இசைவாணர் மூவர். கடலூரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவரடியார் குழு அது. ஒப்பந்தம் பேசி அழைத்துச் சென்றவர் தார்திவெல் என்னும் பிரெஞ்சுக்காரர். குழுவில் இளையவளுக்கு அகவை ஆறு!

இந்திய ஆடல் மகளைப் பாரிசு முன்பே கண்டதுண்டு. 1830இல், தாலியோனி புனைந்த வேடத்தில். இப்போது வந்ததோ உண்மைச் சதிர். வரியேத்தே அரங்கில் ஆடினர். இலண்டன் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினர். கவிஞர் கோத்தியே, அம்மணியின் நிறத்தையும் நகையையும் வரிவரியாக வருணித்தார். சிற்பி பார், அவர் உருவை வெண்கலத்தில் வார்த்தார். கலைக்கு விருந்தோம்பல்தான், மறுப்பாரில்லை.

ஆனால் அம்மணி பிறந்த மண்ணில், சிறுமியர்க்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் அசைந்ததா? டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தொடங்கிய போராட்டம் சென்னை மாகாணத்தில் சட்டமாக நிறைவுற்றது 1947இல். கப்பல் புறப்பட்டு 109 ஆண்டுகள் கழித்து!